தோள் பயப்படாத துப்பாக்கி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். குளிர்நாட்டுப் பெரிய மானான மூஸை வேட்டையாட முதல்முறையாக உன்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று படித்ததும் மனசு நிறைந்துபோனது. அடுத்த வரியில் நீ கேட்டிருந்த கேள்விதான் அன்று ராத்திரி என்னைத் தூங்க விடவில்லை. "சின்னக் காலிபர் போதுமா, இல்லை எல்லாரும் சொல்கிற மாதிரி .300 மேக்னமே வாங்கிவிடட்டுமா?" போனில் பேசினால் பாதி விட்டுப்போகும். அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 6.5×55 வாங்கு. அது கிடைக்காவிட்டால் 6.5 கிரீட்மூர், அதுவும் இல்லையென்றால் 7 மி.மீ.-08 ரெமிங்டன். .243 வேண்டாம், மேக்னமும் வேண்டாம். இந்த எண்கள் எல்லாம் ஏறத்தாழக் குண்டின் விட்டம்தான், அதைத்தான் காலிபர் என்கிறோம்: 6.5, 7 மி.மீ. கணக்கு, .243, .300 அங்குலக் கணக்கு. மேக்னம் என்றால் மருந்து அதிகம் அடைத்த தோட்டா.

நான் வேட்டைக்குப் போக ஆரம்பித்தது அப்பாவின் .300 வின்செஸ்டர் மேக்னத்தோடு என்று உனக்குத் தெரியும். அதை ஏன் விட்டேன் என்று உன்னிடம் சொன்னதில்லை. உனக்கு அப்போது ஐந்து வயது. சாயங்காலம், வெளிச்சம் நன்றாகவே இருந்தது. எண்பது மீட்டரில் ஒரு பெண் மூஸ், முழுப் பக்கவாட்டில் நின்றது. யாரும் தவறவிட முடியாத இலக்கு. விசையை இழுக்கும் நேரத்தில் என் கண் தானாக மூடிக்கொண்டது, தோள் முன்னால் பாய்ந்தது. நுரையீரலில் பட வேண்டிய குண்டு வயிற்றில் பட்டது. அது நின்ற இடத்தில் போய்ப் பார்த்தால் ரத்தம் கொஞ்சம், அதோடு பச்சையாக இரைப்பைக் கழிவு. அதைப் பார்த்த உடனேயே என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது.

வயிற்றில் பட்ட விலங்கை உடனே துரத்தக் கூடாது. காலையில் மோப்ப நாயோடு தடம் பிடித்துப் போனோம். மூன்று இடங்களில் அது படுத்து எழுந்திருந்தது. ஒவ்வொரு இடத்திலும் புல் வட்டமாக அமுங்கி, நடுவில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது. மூன்றாவதில் புல் இன்னும் சூடாக இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன். அதற்கு நாற்பதடி தள்ளிச் சேற்றில் கிடந்தது. தலையைத் தூக்கி என்னைப் பார்த்தது. அதை முடித்துவைத்தேன். அன்றைக்கு ஒருவரும் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

குறை துப்பாக்கியிலா என்னிடமா என்று எனக்குக் காட்டியவர் சுடுகளத்தில் இருந்த ஒரு பெரியவர். என் துப்பாக்கியை வாங்கி, நான் பார்க்காதபடி ஒருமுறை நிஜத் தோட்டா, ஒருமுறை மருந்தில்லாத போலித் தோட்டா என்று மாற்றி மாற்றிப் போட்டுக் கொடுத்தார். மூன்றாவது தடவை விசையை இழுத்தேன். 'டக்' என்று சத்தம் மட்டும் வந்தது, வெடிக்கவில்லை. ஆனால் குழல்முனை நாலு விரல் அளவு கீழே குத்தி நின்றது. உதைக்கும் என்று எதிர்பார்த்து என் உடம்பு முன்கூட்டியே துப்பாக்கியைக் கீழே அழுத்தியிருக்கிறது. வெடித்த தடவைகளில் எல்லாம் அந்த உதைப்பு இதை மறைத்துக்கொண்டே இருந்திருக்கிறது. அத்தனை வருஷமாக நான் நன்றாகச் சுடுகிறேன் என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே எடையுள்ள துப்பாக்கியில் .300 வின்செஸ்டர் மேக்னம் உதைப்பது 6.5×55 உதைப்பதைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு. இது ஆண், பெண், தைரியம், கோழைத்தனம் சம்பந்தப்பட்டதே இல்லை. உன் நண்பர்கள் "ஆம்பிளை தாங்குவான்" என்று சொன்னதாக எழுதியிருந்தாய். தாங்குவது வேறு. விசையை இழுக்கும் அந்த நொடியில் இமை மூடாமல் இருப்பது வேறு. நூறு கிலோ எடையுள்ள ஆட்கள் இமை மூடியதையும் நான் பார்த்திருக்கிறேன். மேக்னத்தை நன்றாகச் சுடுபவர்கள் நிச்சயம் இருக்கிறார்கள். அவர்கள் வருஷம் முழுக்கச் சுட்டுப் பழகுகிறவர்கள். வேலைக்கும் போய்க்கொண்டு மாசம் இரண்டு முறை களத்துக்குப் போகிற உனக்கு அது சரிப்படாது.

சரி, சின்னக் குண்டு அவ்வளவு பெரிய உடம்புக்குப் போதுமா? வளர்ந்த ஆண் மூஸ் அரை டன்னையும் தாண்டும், பயம் நியாயமானதுதான். முதலில் ஒன்றைக் கவனி. 6.5 என்று பெயர் இருந்தாலும் அந்தக் குண்டின் உண்மையான விட்டம் 6.7 மி.மீ. .300 மேக்னத்தின் குண்டு 7.8 மி.மீ. வித்தியாசம் 1.1 மி.மீ.தான். அந்த ஒரு மில்லிமீட்டர் மூஸைக் கொல்வதில்லை. குண்டு இரண்டு நுரையீரலையும் துளைத்துக்கொண்டு போகிறதா என்பதுதான் கொல்கிறது.

துளைப்பதற்குக் குண்டு தன் விட்டத்துக்கு நீளமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். கோணி ஊசி சாக்கில் இறங்குகிற மாதிரி. 6.5-இன் 140 கிரெயின் (குண்டை எடைபோடும் சின்ன அலகு) குண்டை எடுத்துக்கொண்டால், அதன் குறுக்குப் பரப்புக்கு இருக்கும் எடை .30 காலிபரின் 180 கிரெயின் குண்டுக்கு இருப்பதைவிட அதிகம். 156 கிரெயின் என்றால் இன்னும் அதிகம். ஸ்வீடனும் நார்வேயும் 1894இல் ராணுவத்துக்காக ஏற்றுக்கொண்ட இந்தத் தோட்டா, நூற்றாண்டுக்கு மேலாக அங்கே மூஸ் வேட்டையில் நிலைத்து நிற்பதற்குக் காரணம் இந்த நீளமான குண்டுதான். அந்தக் காலத்துத் துப்பாக்கிகளிலேயே குழலின் முறுக்கு, அதாவது உள்ளே குண்டைச் சுழற்றிவிடும் சுருள் வரி, ஏறத்தாழ எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று. அவ்வளவு வேகமாகச் சுழற்றிவிட்டால்தான் நீளமான குண்டு தள்ளாடாமல் நேராகப் போகும்.

.243 வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். 1955இல் வந்த தோட்டா அது. .308 என்ற தோட்டாவின் பித்தளைக் கூட்டைக் கழுத்தில் ஒடுக்கிச் செய்தது. சிறிய மான்களுக்கு அதைவிட இதமான துப்பாக்கி கிடையாது, அதைப் பிடித்துச் சுடுவதே சுகம். ஆனால் வழக்கமாக அதில் போடுகிற கனமான குண்டு 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். முறுக்கும் பெரும்பாலும் பத்து அங்குலத்துக்கு ஒன்று என்பதால் அதைவிட ரொம்ப நீளமான குண்டைப் போட்டால் நிலைப்படாது. அதை வைத்து மூஸ் சுட்டவர்கள் உண்டு. எல்லாம் சரியாக அமைந்தால் விழும். முன்சப்பை எலும்பில் பட்டுவிட்டால் அப்புறம் மிச்சம் ஒன்றும் இருக்காது. ஸ்வீடன் சட்டம் இதை அழகாகக் கணக்கிட்டு வைத்திருக்கிறது. பெரிய விலங்குக்குக் குண்டு குறைந்தது 9 கிராம் இருக்க வேண்டும், 100 மீட்டரில் 2,700 ஜூல் ஆற்றல் வேண்டும். குண்டு 10 கிராமோ அதற்கு மேலோ என்றால் 2,000 ஜூல் போதும். கனமான குண்டுக்கு அங்கே சலுகை கொடுக்கிறார்கள் பார். 156 கிரெயின் என்பது 10.1 கிராம், இரண்டாவது வரம்பை நன்றாகவே தாண்டும். .243 உள்ளேயே வர முடியாது. நீ இருக்கும் இடத்தின் சட்டம் என்ன வரம்பு வைத்திருக்கிறது என்று துப்பாக்கி வாங்குவதற்கு முன் படித்துவிடு.

காலிபரைப் பற்றி மாசக்கணக்கில் பேசுகிற ஆட்கள், குண்டு எப்படிச் செய்யப்பட்டது என்று ஒரு நிமிஷம் யோசிப்பதில்லை. எனக்கு இதில்தான் ஆதங்கம். ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் 1946இல் பிரிட்டிஷ் கொலம்பியாவில் மூஸ் வேட்டைக்குப் போனார். கையில் .300 ஹாலண்ட் அண்டு ஹாலண்ட் மேக்னம். சேறு அப்பிய ஒரு மூஸை அடித்தார். குண்டுகள் மேலோட்டமாகவே சிதறிவிட்டன, உள்ளே இறங்கவில்லை. சக்திக்கு அங்கே குறைவே இல்லை, குண்டுதான் உடைந்துபோனது. ஊருக்குத் திரும்பி, செப்பு உறையின் நடுவில் ஒரு தடுப்புச் சுவர் வைத்து, முன்பாதி விரிந்தாலும் பின்பாதி முழுசாக நிற்கிற மாதிரி குண்டு செய்தார். 1948இலிருந்து விற்கிற பார்ட்டிஷன் குண்டு அதுதான்.

நீ அந்த மாதிரிக் குண்டு வாங்கு, அல்லது ஈயமும் உறையும் பிரியாமல் ஒட்டவைத்த குண்டு வாங்கு. சுடுகளத்தில் எல்லாத் துளையையும் சின்ன வட்டத்துக்குள் விழ வைக்கிற மெல்லிய உறைக் குண்டை வேட்டைக்கு எடுத்துப் போகாதே. என் மேசை இழுப்பறையில் ஒரு குண்டு இருக்கிறது, நீ சின்ன வயதில் எடுத்து விளையாடுவாயே, அதேதான். ஒரு மூஸின் மறுபக்கத் தோலுக்கு அடியில் இருந்து எடுத்தது. முன்பக்கம் காளான் மாதிரி விரிந்து, விளிம்பு பின்னால் சுருண்டு, கீழ்ப்பாதி புதிசு போலவே இருக்கும். போகும்போது 156 கிரெயின். தராசில் போட்டேன், 138 இருந்தது. இரண்டு விலாவையும் கடந்து வந்து பதினெட்டு கிரெயின்தான் தொலைத்திருக்கிறது. முழுச் செப்புக் குண்டுகளும் நல்லவைதான், பெரும்பாலும் எடை இழக்காது. ஆனால் வேகம் குறைந்தால் அவை விரிவதில்லை. அதனால் தூரத்தை இன்னும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

யாராவது உன்னிடம் பெல் கதையைச் சொல்வார்கள். டபிள்யூ. டி. எம். பெல், ஸ்காட்லாந்துக்காரர், ஆப்பிரிக்காவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர். அதில் பெரும்பங்கு 7×57 என்ற சின்னத் தோட்டாவில். கதை உண்மை. ஆனால் அவர் போட்டது விரியாத முழு உறைக் குண்டு, குறி மூளை. மூளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள யானை மண்டையோட்டை ரம்பத்தால் அறுத்துப் பார்த்தவர் அவர். இன்று பல ஆப்பிரிக்க நாடுகளில் யானை, எருமை போலத் திருப்பித் தாக்கும் விலங்குகளுக்கு .375 தான் கீழ் வரம்பு. ஆகவே அவர் பெயரைச் சொல்லி யார் உன்னை இன்னும் சின்னதுக்கு இழுத்தாலும் போகாதே.

இலேசான காலிபரை எடுத்தபின் நீ சில இலக்குகளை விட்டுவிட வேண்டும். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். மூஸ் உன்னை நேராகப் பார்த்து நின்றால் சுடாதே. முதுகைக் காட்டி நின்றால் சுடாதே. பக்கவாட்டில் நிற்கட்டும், அல்லது கொஞ்சமாக உன்னிடமிருந்து விலகித் திரும்பியிருக்கட்டும். முதல் இரண்டு சீசனுக்கு நூறு மீட்டருக்குள், அதற்குப் பிறகும் நூற்றைம்பதைத் தாண்டாதே. குறி, முன்னங்காலுக்குச் சற்றே பின்னால், உடம்பின் உயரத்தில் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு. மூஸின் திமில் கண்ணை ஏமாற்றும். அது முதுகெலும்பின் நீண்ட முட்கள் தூக்கி நிறுத்திய சதை, உள்ளே உயிர்நிலை எதுவும் இல்லை. அந்தத் திமிலையும் சேர்த்து நடு உடம்பு என்று நினைத்தால் குண்டு உயரே போய்விடும்.

பட்டதும் அது விழாது, தம்பி. நுரையீரலில் சரியாகப் பட்ட மூஸ் ஒன்றுமே நடக்காத மாதிரி அப்படியே நிற்கும், அல்லது அறுபது எழுபது மீட்டர் நடந்து போய்ச் சாயும். குறி தப்பிவிட்டதோ என்று துப்பாக்கியை இறக்கிவிடாதே. கண்ணை எடுக்காமல் அடுத்த தோட்டாவை ஏற்று, இன்னும் பக்கவாட்டில் நின்றால் இரண்டாவதும் சுடு. உதைப்பு குறைவான துப்பாக்கியில் இது ஒரு பெரிய வசதி, சுட்ட பிறகும் ஸ்கோப்புக்குள் விலங்கு தெரிந்துகொண்டே இருக்கும். மேக்னத்தில் நான் ஒருமுறை கூட அதைப் பார்த்ததில்லை. நின்ற இடத்தில் நுரையோடு இளஞ்சிவப்பு ரத்தம் இருந்தால் அரைமணி உட்கார்ந்து காத்திரு. பச்சையாக ஏதாவது கண்டால் ஓரடி கூட எடுத்து வைக்காமல் நாய்க்காரரைக் கூப்பிடு.

நார்வேயில் பெரிய விலங்கு வேட்டைக்குப் போகிறவர் ஒவ்வொரு வருஷமும் தேர்வு எழுதுகிற மாதிரி சுட்டுக் காட்ட வேண்டும். 100 மீட்டரில் 30 செ.மீ. வட்டத்துக்குள் ஐந்து குண்டு, ஐந்தும் உள்ளே விழ வேண்டும். அதை நீயும் செய். மேசையில் மணல்மூட்டை வைத்துச் சுடுவது ஸ்கோப்பைச் சரிபார்க்க மட்டும். அதற்குப் பிறகு உட்கார்ந்து சுடு, முட்டி போட்டுச் சுடு, ஒரு கம்பைத் தாங்கலாக வைத்து நின்று சுடு. காட்டில் மேசை கிடைக்காது. நண்பன் ஒருவனை விட்டுப் போலித் தோட்டா கலந்து போடச் சொல். குழல்முனை அசையாமல் நிற்கிற நாள் வரும்வரை வேட்டைக்குத் தேதி சொல்லாதே. கூப்பிட்டவர்கள் கோபித்துக்கொண்டால் அம்மா சொன்னாள் என்று சொல்.

உட்கார்ந்து சுட்ட ஐந்து குண்டும் பட்ட இலக்கு அட்டையைத் தூக்கிப் போட்டுவிடாதே. பின்பக்கம் தேதியும், குண்டின் பெயரும், எடையும் எழுதி வை. நான் வரும்போது நாடாவை வைத்து நானே அளந்து பார்க்கிறேன். இழுப்பறையில் இருக்கும் அந்தக் குண்டையும் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
அம்மா