சட்டப்படி ஒரு தேதி

அன்பு நண்பர் கதிரேசனுக்கு,

வணக்கம். பொங்கலுக்கு நீங்கள் எழுதிய கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் அனைவரும் நலம். எங்கள் சங்கத்து மீசைக்காரர் கேட் மீட்டிங்கில் இன்னமும் மைக்கை விடுவதில்லை.

என்னை எழுத வைத்தவன் ஒரு பையன். 2025 நவம்பர் 21 அன்று தொழில் உறவுகள் சட்டத்தொகுப்பு நடைமுறைக்கு வந்ததிலிருந்து சங்கப் பிள்ளைகளுக்கு அதை விளக்கி வருகிறேன். மஸ்டர் ரோலில், அதாவது ஆலையின் தொழிலாளர் பதிவேட்டில், 51 சதவீதம் பேரின் ஆதரவுள்ள சங்கத்தை நிர்வாகம் பேச்சுவார்த்தைச் சங்கமாக ஏற்றாக வேண்டும் என்ற பிரிவை உற்சாகமாகவே சொன்னேன். பழைய 1926 தொழிற்சங்கச் சட்டம் சங்கத்துக்குப் பதிவு தந்ததே தவிர, அதோடு உட்கார்ந்து பேசும்படி எந்த முதலாளியையும் கட்டாயப்படுத்தவில்லை. அதனால் நாங்கள் பட்ட பாட்டை தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியாக மேசைக்கு அந்தப்பக்கம் இருந்து பார்த்தவர் நீங்கள். அப்போதுதான் பின்வரிசையிலிருந்து அவன் கேட்டான்: "பேச்சு முறிந்தால் எந்தத் தேதியில் சட்டப்படி வேலைநிறுத்தம் செய்யலாம், ஐயா?"

சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிப் பென்சிலால் குறிக்கத் தொடங்கினேன். நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழிய வேண்டும். அதற்குள் சமரச அதிகாரி இரு தரப்பையும் அழைத்து முதல் கூட்டத்தைக் கூட்டிவிட்டால் சமரசம் தொடங்கியதாகிவிடும், அது முடிந்து 7 நாள் வரை தடை. அதற்கு அடுத்த நாளில் பையன் விரலை வைத்தான். அங்கேதான் நான் திணறிப்போனேன். சமரசம் முறிந்தால் எந்தத் தரப்பும் நேராகத் தொழில் தீர்ப்பாயத்தில் மனுப் போடலாம்; வழக்கு நிலுவையிலுள்ள காலமும் முடிந்தபின் 60 நாளும் வேலைநிறுத்தம் சட்டவிரோதம். இத்தகைய தடை பழைய 1947 தொழில் தகராறுச் சட்டத்திலும் இருந்தது என்று நீங்கள் உடனே சொல்வீர்கள். உண்மைதான், ஆனால் அன்று சம்பளக் கோரிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்புவது அரசின் கையில் இருந்தது. இன்று அந்த 7 நாளுக்குள் நிர்வாகத்தின் வக்கீலே மனுப் போட்டுக் காலண்டரை மூடிவிடலாம். மீறினால் 50 ரூபாயாக இருந்த அபராதம் 1,000 முதல் 10,000 வரை ஆகியிருக்கிறது.

டீயும் பிஸ்கட்டும் கொடுத்து அடுத்த தேதி சொல்வதில் உங்களுக்கு நிகரானவர் துறையில் கிடையாது. அன்று அதற்காக உங்கள்மேல் எத்தனை கோபப்பட்டிருப்பேன்! இன்றோ, அந்த 14 நாளும் கழியும்வரை முதல் கூட்டத்தையே தள்ளிப்போடும் அப்படியோர் அதிகாரி வாய்த்தால்தான் சட்டப்படி ஒரு வேலைநிறுத்தம் நடக்கும் போலிருக்கிறது.

மாநில விதிகளால் இதைச் சரிசெய்ய இயலாது. சட்டத்தையே திருத்த வேண்டும். கூட்டுக் கோரிக்கைகளில் சங்கமும் நிர்வாகமும் சேர்ந்து கையெழுத்திட்ட மனுவுக்கு மட்டுமே அந்தத் தீர்ப்பாய வழக்குக் காலத் தடை பொருந்தும் என ஒரு வரி சேர்த்தால் போதும் என்பது என் எண்ணம். வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். நிர்வாகத்தின் வக்கீல் எந்த இடத்தில் ஓட்டை போடுவார் என்பது உங்களுக்குத்தான் தெரியும். தயவு பார்க்காமல் சிவப்பு மையில் குறித்து, மாதக் கடைசிக்குள் அனுப்புங்கள்.

அன்புடன்,
ராமலிங்கம்