தரைத்துணி இல்லாத கூடாரம்: நண்பனுக்கு ஒரு கடிதம்

கிராண்ட் ஜங்ஷன், கொலராடோ

அன்புள்ள நண்பா,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் சென்ற வெள்ளிக்கிழமை கிடைத்தது. அம்மாவின் முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, கைத்தடி இல்லாமல் வாசல்வரை நடக்கிறார்கள் என்று படித்ததும் மனம் நிறைந்துவிட்டது. இங்கே மகள் கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். அவளுடைய அறையில்தான் இப்போது என் கூடாரத்தை விரித்துப் போட்டுத் தையல்களைச் சோதித்துக்கொண்டிருக்கிறேன்.

மினசோட்டாவில் இத்தனை ஆண்டுகள் பரண்மேல் அமர்ந்து வெண்வால் மானுக்குக் காத்திருந்த நீ, இந்த அக்டோபரில் எல்க் என்னும் பெரிய மானின் வேட்டைக்காக மலைக்கு வருகிறாய் என்பது எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லி முடியாது. வண்டியை நிறுத்தும் இடத்திலிருந்து எட்டு கிலோமீட்டர் உள்ளே, 3,200 மீட்டர் உயரத்தில், ஆறு இரவுகள் தங்கப் போகிறோம். அதற்கு எந்தக் கூடாரத்தை வாங்குவது, தரைத்துணியே இல்லாத கூடாரத்தை நம்பிப் படுக்கலாமா என்று கேட்டிருந்தாய். படுக்கலாம் என்பதே என் பதில். காரணங்களைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கூடாரத்தின் எடையைப் பற்றி யோசிக்கும் முன் விலங்கின் எடையைப் பற்றி யோசி. வளர்ந்த ஆண் எல்க் ஒன்று சுமார் 320 கிலோ இருக்கும். வீழ்ந்த இடத்திலேயே தோலுரித்து, எலும்பை நீக்கிய பிறகும் பெரிய விலங்கில் 90 கிலோ அளவுக்கு இறைச்சி கிடைக்கும். அதை இரண்டு பேர் முதுகில் சுமந்து, எட்டு கிலோமீட்டர் இறங்கி, மறுபடி ஏறி, மறுபடி இறங்க வேண்டும். உண்ணத்தக்க இறைச்சியைக் காட்டில் வீணாக விடுவது கொலராடோ சட்டப்படி குற்றம்; சட்டம் இல்லாவிட்டாலும் நீயும் நானும் அப்படிச் செய்ய மாட்டோம். ஆகவே முகாமுக்காக நாம் கூடுதலாகச் சுமக்கும் ஒவ்வொரு கிலோவும் அந்த விலங்குக்கு நாம் செலுத்த வேண்டிய உழைப்பிலிருந்து எடுத்துக்கொண்டதாகும். நான் கூடாரம் தேர்ந்தெடுப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு துணி அடுக்குகள் கொண்ட என்னுடைய பழைய இரட்டைச் சுவர்க் கூடாரம் 3.4 கிலோ. இப்போது வைத்திருக்கும் கூம்புக் கூடாரம் நடுக்கம்பு, முளை, கயிறு எல்லாம் சேர்த்து வீட்டுத் தராசில் 1.9 கிலோதான், உள்ளே அதைவிட இரு மடங்கு இடம் இருக்கிறது.

தரைத்துணி இல்லை என்பதைக் குறையாக நினைக்காதே. பனியில் நனைந்து, மாலையில் இருட்டிய பிறகு வந்து சேரும்போது, சேறு படிந்த பூட்ஸோடு நேரே உள்ளே நுழைந்து, கதவை மூடி, கம்பத்தருகே நின்றபடியே மேலுடுப்பைக் கழற்றலாம். சொட்டும் நீர் மண்ணுக்குப் போகும். இறைச்சித் துணிப்பைகளைக் கழுவிய கை ஈரம், துப்பாக்கியில் ஒட்டிய பனி என எதற்கும் கவலைப்பட வேண்டியதில்லை. படுக்கும் இடத்தில் மட்டும், வீடு கட்டும்போது சுவருக்குப் போர்த்தும் டைவெக் தாளில் ஓர் ஆள் நீளத்துக்கு வெட்டி விரித்துக்கொண்டால் போதும். எலி வரும், அதை மறைக்கவில்லை. உணவைக் கூடாரத்துக்குள் வைக்காமல் மரத்தில் தொங்கவிடுவது எலிக்கும் நல்லது, கருங்கரடிக்கும் நல்லது. கொசுவைப் பற்றிக் கேட்டிருந்தாய். அக்டோபர் கடைசியில் அங்கே கொசு இராது.

இந்த வடிவம் புதிதும் அல்ல. வட அமெரிக்கச் சமவெளிப் பழங்குடியினரின் டீப்பி என்ற தோல் கூம்புக் கூடாரத்தைப் பார்த்துத்தான் அமெரிக்க ராணுவ அதிகாரியான ஹென்றி ஹாப்கின்ஸ் சிப்லி 1856-இல் ஒற்றைக் கம்பத்தில் நிற்கும் கூம்புக் கூடாரத்துக்குக் காப்புரிமை பெற்றார். ஐந்தரை மீட்டர் விட்டம், நடுவில் அடுப்பு, ஒரு டஜன் வீரர்கள் படுக்க இடம். ஆனால் டீப்பியில் இருந்த ஒரு நுட்பம் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. அதன் உட்புறத்தில், தரையிலிருந்து ஆள் மார்பளவுக்கு, இன்னொரு தோல் திரையைத் தொங்கவிடுவார்கள். வெளிச்சுவரின் அடியில் நுழையும் காற்று இரண்டு திரைகளுக்கும் இடையே மேலேறி, புகையையும் ஈரத்தையும் உச்சித் துளை வழியே கொண்டுபோய்விடும். படுத்திருப்பவர்மேல் குளிரும் வீசாது, சொட்டும் விழாது. இன்று கூடாரக் கடைகளில் தனியாக விற்கும் உட்திரை அதே வேலையைத்தான் செய்கிறது.

அதை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், ஒற்றைச் சுவர்க் கூடாரத்தில் நமக்கு உண்மையான எதிரி மழை அல்ல, நம் மூச்சுதான். என் முதல் ஆண்டில், தண்ணீர் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக ஓடையோரப் புல்வெளியில் முளையடித்தேன். இரவில் குளிர்ந்த காற்று மலைச்சரிவிலிருந்து இறங்கிப் பள்ளத்தில் தேங்கும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் களைப்பில் அலட்சியம் செய்தேன். காற்று வருகிறதே என்று கூடாரத்தின் விளிம்பைச் சுற்றிலும் தரையோடு ஒட்டி மூடியும் விட்டேன். விடியற்காலையில் உட்சுவர் முழுவதும் உறைபனி. கூடாரத்துக்குள் வைக்கும் சிறிய விறகடுப்பை மூட்டியதும் அது உருகி, தூறல்போல் என் ஸ்லீப்பிங் பேக்கின்மேல் விழுந்தது. வாத்து இறகு நிரப்பிய பை நனைந்து சுருண்டுவிட்டது. மறுநாள் வேட்டையை விட்டுவிட்டு அதை உலர்த்துவதிலேயே பகல் கழிந்தது. அதிலிருந்து ஓடையிலிருந்து நூறடியாவது மேலே, சரிவில் இயல்பாக அமைந்த சமதளத்தில், உயிருள்ள மரங்களின் ஓரமாகத்தான் முகாம் அமைக்கிறேன். மேலே கிளைகள் இருந்தால் துணி அவ்வளவு குளிர்வதில்லை. விளிம்பில் நான்கு விரல் இடைவெளியும் உச்சியில் காற்றுத் துளையும் எப்போதும் திறந்திருக்கும்.

உயிருள்ள மரங்கள் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நாம் போகும் ஃப்ளாட் டாப்ஸ் வனப்பகுதியில் 2002-இல் பிக் ஃபிஷ் தீ பெரும்பரப்பை எரித்தது. எரிந்தும் வண்டு அரித்தும் பட்டுப்போன ஸ்ப்ரூஸ் மரங்கள் நின்றபடியே இருக்கின்றன. காற்றடிக்கும் இரவில் அவை சொல்லாமல் சாய்கின்றன. அவற்றின் கீழே எந்தக் கூடாரமும் பாதுகாப்பில்லை. இந்த இடத்தைப் பற்றி இன்னொரு செய்தியும் உனக்குப் பிடிக்கும். 1919-இல் ஆர்தர் கார்ஹார்ட் என்ற இளைஞரை, ட்ராப்பர்ஸ் ஏரிக்கரையில் கோடை இல்லங்கள் கட்ட மனை அளக்கும்படி வனத்துறை அனுப்பியது. அவர் அளந்து முடித்து, இங்கே எதையும் கட்டாமல் விடுவதே நல்லது என்று அறிக்கை கொடுத்தார். அந்த மனிதர் அப்படிச் சொல்லியிராவிட்டால் இன்று நாம் முளையடிக்க அங்கே காடு இருந்திருக்குமா என்று ஒவ்வோர் ஆண்டும் அந்த ஏரியைக் கடக்கும்போது நினைத்துக்கொள்வேன்.

இனித் துணி. மூன்று வகை உனக்குக் கண்ணில் படும். சிலிக்கான் பூசிய நைலான் உறுதியானது, விலை தாங்கக்கூடியது. ஆனால் ஈரத்தில் நீண்டு தளரும். மாலையில் முரசுபோல் இறுக்கிக் கட்டிய சுவர் நள்ளிரவில் தொய்ந்திருக்கும். ஒருமுறை எழுந்து கயிறுகளை இழுத்துக் கட்ட வேண்டும், அல்லது உள்ளிருந்தபடியே நடுக்கம்பை இரண்டு விரற்கடை உயர்த்த வேண்டும். சிலிக்கான் பூசிய பாலியஸ்டர் அவ்வளவு தொய்வதில்லை. அதே எடைக்குக் கிழிவைத் தாங்கும் வலு சற்றுக் குறைவு. மூன்றாவதான டைனீமா, மிக வலுவான ஒருவகை பிளாஸ்டிக் இழையாலான துணி; அது நீரை உறிஞ்சாது, தொய்யாது, எடையும் மிகக் குறைவு. விலையோ மற்றவற்றைப்போல் இரண்டு மூன்று மடங்கு. அதோடு டைனீமா இழை 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும். நைலான் 200 டிகிரியைத் தாண்டியும் தாங்கும். அடுப்பு வைக்கப்போகும் கூடாரத்துக்கு நான் டைனீமாவை வாங்க மாட்டேன். உனக்கு என் பரிந்துரை பாலியஸ்டர், கிடைக்காவிட்டால் நைலான். தையல்களுக்குச் சிலிக்கான் பசை தடவி வந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கு. இல்லையென்றால் நாமே தடவிக்கொள்ளலாம், ஒரு மாலை வேலை.

அடுப்பைப் பற்றி உன் வீட்டில் பயப்படுகிறார்கள் என்று எழுதியிருந்தாய். அந்தப் பயம் சரியானது. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. ஆகவே அடுப்பு எரியும்போது இருவரும் விழித்திருப்போம், விளிம்பும் கதவின் மேற்பகுதியும் திறந்திருக்கும், தணல் அடங்கிய பிறகே படுப்போம், மின்கலத்தில் இயங்கும் ஒரு சிறிய எச்சரிக்கைக் கருவியும் கம்பத்தில் தொங்கும். இந்த ஒழுங்கை நான் ஒருபோதும் தளர்த்தியதில்லை என்று தங்கையிடம் சொல். டைட்டானியத் தகடாலான மடிப்பு அடுப்பும், சுருட்டி எடுத்துப் போகும் புகைக்குழாயும் சேர்ந்து 1.2 கிலோ வருகின்றன. விரல் பருமனுள்ள காய்ந்த சுள்ளிகளை இட்டுக்கொண்டே இருந்தால்தான் எரியும். விட்டால் அரை மணி நேரத்தில் அணைந்துவிடும். இரவு முழுவதும் சூடு தரும் என்று எதிர்பார்க்காதே. காலுறையும் பூட்ஸின் உட்பக்கமும் உலர்வதும், காலையில் உறைந்த விரல்கள் மடங்குவதும்தான் அதன் பயன். செப்டம்பரில் தனியாக வில்லோடு போனால் அடுப்பை வீட்டிலேயே விட்டுவிடுவேன். மர எல்லைக்கு மேலே முகாமிட்டாலும் அப்படித்தான், எரிக்க விறகே இராது. அக்டோபர் கடைசியில் இரண்டு பேருக்கு அது வேண்டும். தீத்தடை உத்தரவு நடப்பில் இருக்கிறதா என்பதைப் புறப்படும் முன் வன அலுவலகத்தில் நான் கேட்டுக்கொள்கிறேன்.

ஆகவே புகைக்குழாய் செல்ல வெப்பம் தாங்கும் வளையம் தைத்த கூடாரமாகவே பார். சீக் அவுட்சைட், கிஃபாரு, ஆர்கலி ஆகியோர் இந்த வகையைச் செய்கிறார்கள். நான்கு பேருக்கு என்று அச்சிட்டிருந்தால் அடுப்போடு இரண்டு பேருக்கு என்று படித்துக்கொள். சுவர்கள் செங்குத்தான சரிவோடு இருக்க வேண்டும். சரிவு குறைந்து படுத்தாற்போல் இருக்கும் சுவரில் பனி தங்கும், தலையும் காலும் ஈரத் துணியில் உரசும். மூன்றாம் ஆண்டில் ஓர் இரவு முப்பது சென்டிமீட்டர் பனி விழுந்தபோது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை உள்ளிருந்து சுவரைத் தட்டிக்கொண்டே இருந்தோம். பனி சறுக்கி இறங்கியது, கம்பு நின்றது. அதே இரவில் அடுத்த சரிவில் இருந்த, தட்டையான கூரை கொண்ட கூடாரம் ஒன்றின் கம்பிகள் ஒடிந்து, அதிலிருந்த இருவர் விடியும் முன் எங்களிடம் வந்து சேர்ந்தார்கள். நான்கு பேரும் அடுப்பைச் சுற்றி உட்கார்ந்து காப்பி குடித்தோம். தரையில் துணி இருந்திருந்தால் அந்தப் பனி பூட்ஸ்களுக்கு உள்ளே இடம் கொடுத்திருக்க முடியாது.

முளைகளில் மட்டும் எடையை மிச்சம் பிடிக்காதே. இந்தக் கூடாரம் தானாக நிற்காது. முளை பிடுங்கினால் வீடே விழும். மெல்லிய கம்பி முளை அங்கேயுள்ள கல் நிலத்தில் வளைந்துவிடும். மூன்று பட்டை கொண்ட அலுமினிய முளைதான் சரி. மண் உறைந்துபோன இடத்தில் கயிற்றைப் பெருங்கல்லில் கட்டுவோம். ஆழமான பனியில் ஒரு கட்டையைக் கயிற்றோடு புதைத்து மிதித்துவிட்டால் சிறிது நேரத்தில் இறுகிவிடும்.

வாங்கியதும் உன் வீட்டுப் பின்புறத்தில் மூன்று முறையாவது கட்டிப் பார், ஒருமுறை இருட்டில், கையுறையோடு. தண்ணீர்க் குழாயால் நனைத்து ஓர் இரவு உள்ளே படுத்தும் பார். எந்தத் தையல் கசிகிறது, துணி எவ்வளவு தொய்கிறது என்பதெல்லாம் அன்றைக்கே தெரிந்துவிடும். வேட்டை தொடங்கும் நாளுக்கு மூன்று நாள் முன்பாகவே இங்கே வந்துவிடு. ஒரு நாள் வீட்டில் உடம்பு உயரத்துக்குப் பழகட்டும். மறுநாள் மேலே போய், வெளிச்சம் இருக்கும்போதே நல்ல இடம் பார்த்து முளையடிப்போம். முளைகளை வாங்காதே, என்னிடம் நல்லவையாகப் பன்னிரண்டு கூடுதலாக இருக்கின்றன. அடுப்பும் என்னுடையதே போதும். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அன்பு நண்பன்