லெந்து கால உபவாசமும் எடைக்குறைப்பும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் உபவாசக் காலமான லெந்து நெருங்கும்போதெல்லாம் எங்கள் திருநெல்வேலி வட்டாரத்துச் சபைகளில் உபவாசத்தைப் பற்றிய பேச்சோடு எடைக்குறைப்பைப் பற்றிய பேச்சும் சேர்ந்தே எழுகிறது. ‘ஜெபத்துக்கு ஜெபமும் ஆச்சு, உடம்பும் கொறஞ்சாச்சு’ என்று ஆராதனை முடிந்து வெளியே நிற்கையில் பெருமையாகச் சொல்கிறவர்களையும், நாற்பது நாளில் மெலிந்ததைச் சாட்சியாகவே சபைமுன் எழுந்து நின்று கூறுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். உணவுக் கோளாறு எனப்படும் மனநல நோயிலிருந்து மீண்டுவரும் ஒரு கிறிஸ்தவப் பெண் என்ற முறையில், இவ்விரண்டையும் ஒன்றாகக் கலப்பது எத்தனை ஆபத்தானது என்பதைத் தங்கள் நாளிதழ் வாயிலாகச் சொல்ல விரும்புகிறேன்.

எனக்கு வந்தது அனோரெக்சியா நெர்வோசா, உடல் பருத்துவிடுமோ என்ற அச்சத்தில் உணவைத் தவிர்க்க வைக்கும் நோய். செல்லம் கொடுத்து வளர்த்த பெண்ணின் பிடிவாதம் என்று ஊரில் எளிதாகப் பேசிவிடுகிறார்கள். உண்மையில், மனநல நோய்களுள் உயிரிழப்பு மிக அதிகமாக உள்ளவற்றில் இதுவும் ஒன்று. இதயத்துடிப்பு மந்தமாகும், எலும்பு வலுவிழக்கும், மாதவிடாய் நின்றுபோகும். சாப்பிட்டதை வாந்தியெடுக்கும் பழக்கமும் சேர்ந்தால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயமே நின்றுவிடக்கூடும். நெடுநாள் பட்டினி கிடந்த உடல் திடீரென்று வழக்கமான உணவுக்குத் திரும்புவதிலும் ஆபத்து உண்டு என்பதால், கடுமையாக மெலிந்தவர்களுக்கு மருத்துவரின் கண்காணிப்பில்தான் உணவைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும். இந்நோய் ஆண்களுக்கும் வரும். உணவுக் கோளாறுகள் பல வகைப்பட்டவை ஆதலால் பருமனான உடல்வாகு உள்ளவர்களும் இவற்றால் அவதிப்படுகிறார்கள்.

பட்டினி மனத்தை என்ன செய்கிறது என்பதற்கு ஒரு பழைய சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின் இறுதியில், 1944–45இல், அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்சல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 இளைஞர்களுக்கு ஏறத்தாழ ஆறு மாதம் அரைவயிற்று உணவு கொடுத்து ஆராய்ந்தார். மனச்சாட்சியின் பொருட்டு ஆயுதம் ஏந்த மறுத்தவர்கள் அவர்கள். சமாதானத்தை வலியுறுத்தும் கிறிஸ்தவச் சபைகளைச் சேர்ந்தவர்கள் அவர்களில் பலர். திடகாத்திரமாக உள்ளே போனவர்கள் சோர்ந்து, எரிச்சலடைந்து, இரவும் பகலும் உணவைப் பற்றியே நினைத்தார்கள். சமையல் குறிப்புகளைத் தேடித்தேடிப் படித்தார்கள். அவர்களுக்கு விசுவாசம் குறைவுபட்டதால் இப்படி நேரவில்லை, உடலுக்கு ஆகாரம் போதாததால் நேர்ந்தது. (அவர்கள் உண்ட உணவின் கலோரிக் கணக்கையும் இழந்த எடையையும் நான் இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை, அத்தகைய எண்களை இலக்காக வைத்துக்கொள்ளும் நோயாளிகள் இந்தக் கடிதத்தையும் படிக்கக்கூடும்.)

எடைக்குறைப்புக்கு வேதாகம ஆதாரம் காட்டுகிறவர்கள் முதலில் எடுப்பது தானியேலைத்தான். ‘தானியேல் உபவாசம்’ என்ற பெயரில் வாட்ஸ்அப் குழுக்களில் உணவுப் பட்டியல்கள் சுற்றிவருகின்றன. ஆனால் தானியேல் முதலாம் அதிகாரத்தில், தானியேலும் அவருடைய தோழர்களும் பத்து நாள் பருப்பு முதலான மரக்கறிகளைத் தின்ற பிறகு அந்த வாலிபர்களின் முகம் களையுள்ளதாகவும் ‘சரீரம் புஷ்டியுள்ளதாயும்’ காணப்பட்டது என்றுதான் எழுதியிருக்கிறது. அவர்கள் மெலிந்தார்கள் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. உங்கள் சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும் வேசித்தனத்துக்கு விலகி ஓடும்படி சொல்லும் இடத்தில்தானே தவிர, இடுப்பளவைக் குறித்து அல்ல. அந்த ஒரு வசனத்தைச் சொல்லி ஒரு பெண்ணின் தட்டிலிருந்து சோற்றைக் குறைக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குத் துணையாக இருப்பது எலியாவின் வரலாறு. சூரைச்செடியின்கீழ்ச் சாகவேண்டுமென்று கோரிப் படுத்திருந்த தீர்க்கதரிசியைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை; தட்டியெழுப்பிச் சாப்பிடச் சொன்னான், தூங்கிய பிறகு இரண்டாவது முறையும் எழுப்பி, ‘எழுந்திருந்து போஜனம்பண்ணு; நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்’ என்றான். அந்தப் போஜனத்தின் பலத்தினால்தான் எலியா ஓரேப் மலைமட்டும் நாற்பது நாள் நடந்தார். லெந்தின் நாற்பது நாட்களைப் பற்றிப் பிரசங்கிக்கும்போது இந்த நாற்பது நாட்களையும் நம் குருவானவர்கள் நினைவுகூர வேண்டும் என்பது என் விருப்பம்.

பசித்தாலும் பசிக்காவிட்டாலும் மூன்று வேளைச் சாப்பாடு, இடையிடையே சிற்றுணவு, எதையும் தள்ளிப்போடாமல் நேரத்துக்கு உண்பது: எனக்கு மருத்துவர் விதித்திருக்கும் ஒழுங்கு இதுதான். இதைக் கேட்பவர்களுக்கு எளிதாகத் தோன்றும். எங்கள் ஆச்சி உளுந்தங்களி கிண்டி, நடுவே குழித்து, நல்லெண்ணெயை நிறைய ஊற்றி என் முன்னே வைத்தபோது, அந்தக் குழியில் மினுங்கிய எண்ணெயைப் பார்த்து என் கை நடுங்கியது. ஆச்சி எதுவும் பேசாமல் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு என் அருகே உட்கார்ந்தார்கள். ‘ஆண்டவரே, இதை உண்ணப் பெலன் தாரும்’ என்று ஜெபித்துவிட்டு உண்டேன். உணவைத் தவிர்ப்பதுதான் என் நோய். ஆகையால் லெந்து காலத்தில் நான் செய்யக்கூடிய கீழ்ப்படிதல், தவறாமல் உண்பதே.

இதை வெளியே சொல்வதற்கு எங்கள் சபைகளில் இன்னும் இடமில்லை. அசனப் பண்டிகையை எடுத்துக்கொள்ளுங்கள். ஊரே ஒரே பந்தியில் உட்கார்ந்து ஒரே அண்டாச் சோற்றையும் கறிக்குழம்பையும் உண்ணும் அந்த நாள் எங்கள் திருமண்டலத்தின் அழகான வழக்கங்களில் ஒன்று. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்கு மிஷனரிகள் கஞ்சி வார்த்த மண்ணில் அதற்கு ஆழ்ந்த பொருளும் உண்டு. அந்தப் பந்தியிலேயே, ‘ஏ பிள்ள, நல்லா பூசுனாப்ல ஆயிட்டியே, சோத்தக் கொறச்சுக்கோ’ என்று ஒரு குரல் கேட்டால், மீண்டுவரும் ஒருத்தி அன்று இலையை மூடிவிட்டு எழுந்துபோவாள். ‘மெலிஞ்சு அழகாயிட்ட’ என்ற பாராட்டும் அதே கேட்டைத்தான் செய்கிறது. சொல்பவர்கள் அன்பாகவே சொல்கிறார்கள் என்பதை அறிவேன். ஆயினும் பிறர் உடலைப் பற்றிப் பேசாதிருக்க நாம் பழகத்தான் வேண்டும்.

சேகர குருவானவர்களுக்கு என் வேண்டுகோள்: லெந்தின் முதல் நாளான சாம்பல் புதன்கிழமைக்கு முந்தின ஞாயிறே, நோயுற்றோரும் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் உணவுக் கோளாறு உள்ளவர்களும் உபவாசிக்க வேண்டியதில்லை என்று அறிவிப்பு வாசியுங்கள். கத்தோலிக்கத் திருச்சபையிலும் உபவாசக் கடமை 18 முதல் 59 வயது வரை உள்ளவர்களுக்கே உரியது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. உண்ணாதிருக்கக் கூடாதவர்கள் வேறொன்றை விட்டுவிடலாம்: வீட்டிலுள்ள எடை பார்க்கும் இயந்திரத்தை அல்லது எடைக்குறைப்புக் காணொளிகளை. பசியுள்ளவனுக்கு உன் ஆகாரத்தைப் பகிர்ந்துகொடு என்று உபவாசத்தைப் பற்றி ஏசாயா 58ஆம் அதிகாரம் சொல்வதையும் எவரும் செய்யலாம்.

ஜெபம் வேண்டும், சிகிச்சையும் வேண்டும். பிள்ளை தொடர்ந்து உணவைத் தவிர்ப்பதையோ, சாப்பிட்டவுடன் குளியலறைக்குப் போய்க் கதவடைத்துக்கொள்வதையோ கண்டால், பெற்றோர் சபையின் கன்வென்ஷன் கூட்டங்கள் முடியட்டும் என்று காத்திராமல் பாளையங்கோட்டையிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவையோ வேறு மனநல மருத்துவரையோ அணுகலாம். அரசின் மனநல ஆலோசனைச் சேவையான டெலி மானஸின் உதவி எண்ணான 14416-ஐக் கட்டணமின்றி அழைக்கலாம். தங்கள் நாளிதழும் லெந்து காலச் சிறப்புப் பக்கங்களில் எடைக்குறைப்பு உணவுப் பட்டியல்களையும், மெலிவதற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் தவிர்த்து, அந்த இடத்தில் இந்த எண்ணை அச்சிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத வாசகி,
பாளையங்கோட்டை.