‘இன்னும் இல்லை’ என்று சொன்னவர்களுக்கு

அன்புள்ள உறவுகளே, நண்பர்களே,

முழங்கால் காயம் ஆறி, போன சனிக்கிழமை என் மகன் மறுபடியும் களத்தில் இறங்கி ஆடினான். அதற்குக் காரணமானவர்களில் பலருக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாகக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டேன். தமிழில் நன்றி சொல்ல வேண்டியவர்களும் நிறையப் பேர் இருக்கிறீர்கள். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்பது உங்களுக்கும் தெரியட்டும் என்றுதான் எல்லோரையும் இந்த ஒரே மடலில் சேர்த்திருக்கிறேன். தன் பெயரைப் போடக் கூடாது என்று அவன் கறாராகச் சொல்லிவிட்டான். சரி, போடவில்லை.

ஊரிலிருந்து படிப்பவர்களுக்காக ஒரு விளக்கம். இது காலால் உதைக்கும் கால்பந்து இல்லை, கையால் எறிந்து பிடிக்கும் அமெரிக்க ஃபுட்பால். அவன் படிப்பது ஒஹாயோவில் ஒரு சிறிய கல்லூரி. இங்கே மூன்றாம் டிவிஷன் என்று சொல்லும் பிரிவில் விளையாட்டுக்காக உதவித்தொகை கிடையாது, கட்டணம் கட்டித்தான் ஆட வேண்டும். டிவியில் வரும் லட்சம் பேர் கூட்டமும் கிடையாது. ஆனால் தரம் குறைவு என்று நினைத்துவிடாதீர்கள். இதே மாநிலத்தில் மவுண்ட் யூனியன் என்ற கல்லூரி இந்தப் பிரிவில் 13 முறை தேசியப் பட்டம் வென்றிருக்கிறது. அங்கே ஆடிய பியர் கார்சான் 2013-இல், என்.எஃப்.எல். என்னும் தொழில்முறை லீக் முழுவதிலும் அதிகமாக, 113 பந்துகளைப் பிடித்தார். என் மகனின் அறைச் சுவரில் இருப்பது அவர் படம்தான்.

மகனும் அவரைப் போல ரிசீவர். குவார்ட்டர்பேக் எறியும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்க வேண்டும். எத்தனையாவது அடியில் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதுவரை முன்பே பேசி வைத்திருப்பார்கள். பல நேரம் இவன் திரும்புவதற்கு முன்பே பந்து அங்கிருந்து கிளம்பிவிடும். இவனைவிட வேகமாக ஓடுபவர்கள் அணியில் நாலைந்து பேர் உண்டு, உயரமும் சுமார்தான். இவனுடைய பலம் திருப்பம். நேராக ஓடுகிறவனைப் போலவே ஓடுவான், தோளிலோ இடுப்பிலோ ஒரு சாடையும் தெரியாது, சட்டென்று வெட்டித் திரும்பிவிடுவான். காவலுக்கு வரும் கார்னர்பேக் இரண்டடி தாண்டிப் போய்த்தான் திரும்பிப் பார்ப்பான். அப்புறம் கை. பந்தை நெஞ்சில் வாங்காமல், விரல்களில் வந்து அமரும்வரை கண்ணை எடுக்காமல் பிடிப்பான்.

ஓர் ஆட்டத்தில் ஒரு அணிக்கு அறுபது, எழுபது முறை பந்து கிளம்பும். அதில் இவன் பக்கம் ஐந்தாறு வந்தாலே அதிகம். மீதி நேரமெல்லாம் வெறுங்கையோடு ஓட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தவன் ஓடுவதற்காக எதிராளியைத் தடுக்க வேண்டும். வந்த பந்தைத் தவறவிட்டால் அடுத்த பந்து கிளம்புவதற்குள் அதை மறந்தாக வேண்டும். ஞாபகமறதியைத் தகுதியாகக் கேட்கும் வேலை இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்! நடந்ததை விடு, அடுத்ததை எனக்குக் கொடு. ரிசீவரின் மனம் அப்படித்தான் பழகியிருக்கிறது. களத்தில் அவனை நல்ல ஆட்டக்காரனாக்கிய அதே மனம்தான் காயம்பட்ட பிறகு எங்கள் எல்லோரையும் கவலைப்பட வைத்தது.

போன செப்டம்பரில் ஒரு பயிற்சியின்போது நடந்தது அது. யாரும் மோதவில்லை, தொடவும் இல்லை. திரும்புவதற்காக வலது காலை ஊன்றினான், முழங்காலுக்குள் ‘டப்’ என்று கேட்டதாம். முழங்காலுக்குள் எலும்புகளைப் பிணைத்திருக்கும் ஏ.சி.எல். என்னும் லிகமெண்ட் பெரும்பாலும் இப்படி ஊன்றித் திரும்பும்போதுதான் கிழிகிறது. அவனுடைய பெரிய பலமே அவனை விழ வைத்தது.

முதல் நன்றி அணியின் அத்லெடிக் டிரெய்னருக்கு. ஜிம்மில் பயிற்சி கொடுப்பவர் என்று நினைக்காதீர்கள். படித்து, உரிமம் வாங்கிய மருத்துவப் பணியாளர் அவர். களத்தின் ஓரத்திலேயே முழங்காலை லேசாக மடக்கி, கீழ்க்காலை முன்னால் இழுத்துப் பார்த்தார். நல்ல காலாக இருந்தால் ஓர் இடத்தில் ‘டக்’கென்று நிற்கும். இது நிற்கவில்லை. எம்.ஆர்.ஐ. பிறகு சொன்னதும் அதையேதான். அன்று மாலை எங்களுக்கு போன் செய்து, பயமுறுத்தாமலும் பூசி மெழுகாமலும் சொன்னார். பெற்றவர்களிடம் அப்படிப் பேச எல்லோருக்கும் வராது.

அடுத்து அறுவைசிகிச்சை செய்த டாக்டர். நாளைக்கே செய்துவிடுங்கள் என்று அவன் நின்றான். வீக்கம் வற்றி, கால் முழுதாக நீளும்வரை கத்தி வைக்க மாட்டேன் என்றார் அவர். விறைத்த முழங்காலில் செய்தால் பிறகும் விறைப்பாகவே நின்றுவிடும் அபாயம் உண்டாம். முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள தசைநாரின் நடுப்பகுதியை, இரு முனையிலும் ஒட்டியிருக்கும் சிறு எலும்புத் துண்டுகளோடு எடுத்து, கிழிந்ததன் இடத்தில் பொருத்தினார். அவர் சொன்ன ஒரு விஷயத்தை இங்கே எழுதியே ஆக வேண்டும், வேறு பிள்ளைகளுக்கும் உதவும். பொருத்திய நார் உடனே உயிர்பெற்று விடுவதில்லை. அதற்குள் புதிதாக ரத்தக்குழாய்கள் வளர வேண்டும். முதல் சில மாதங்களில் அது பொருத்திய நாளில் இருந்ததைவிடப் பலவீனமாகிறது. வலி போய், நடை சரியாகி, ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று பையன்கள் ஓடப் பார்ப்பது சரியாக அந்த மாதங்களில்தான்.

கோவையில் பிசியோதெரபிஸ்டாக இருக்கும் என் தங்கைக்கு வீடியோ காலில் சொன்ன நன்றி போதாது. “அண்ணா, எவ்வளவு மடக்கறான்னு பார்க்காதீங்க, முழுசா நீட்டறானான்னு பாருங்க” என்று முதல் வாரத்திலேயே சொன்னாள். இங்குள்ள பிசியோவும் அதையே சொன்னார். அறுவைசிகிச்சைக்குப் பிறகு முன்தொடைத் தசை வேலை செய்வதையே மறந்துவிடுகிறது. காலைத் தூக்கு என்று மூளை சொன்னாலும் தசை கேட்பதில்லை. மின்தூண்டல் பட்டையை ஒட்டிக்கொண்டு, தொடையைப் பார்த்து அவன் பல்லைக் கடித்த நாட்களில் “அத்தைகிட்ட குடுங்கப்பா” என்று என் போனை வாங்கிக்கொள்வான்.

வலது கால் என்பதால் வண்டி ஓட்டக் கூடாது. நாங்கள் இருப்பதோ மூன்று மணி நேரத் தொலைவில். கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கும் இரண்டு தமிழ்க் குடும்பங்கள்தான் அவனை கிளினிக்குக்கு மாறி மாறிக் கூட்டிப்போனார்கள். தயிர்சாதம் கட்டிக் கொடுத்ததும் அவர்களே. ஒருநாள் “மாமா, கிரவுண்டுல இறக்கி விடுங்க, சும்மா பார்த்துட்டு வர்றேன்” என்று கேட்டானாம். “உன் சும்மா எனக்குத் தெரியும் தம்பி, வண்டி கிளினிக்குக்குத்தான் போகும்” என்றாராம் அவர். அந்த மாமாவுக்குத் தனி வணக்கம்.

ரிசீவர்களின் கோச் அவனை வீட்டுக்கு அனுப்பாமல் கையில் பேனாவும் அட்டையும் கொடுத்து ஓரத்தில் நிற்க வைத்தார். பந்து கிளம்பும் முன் எதிரணி கார்னர்பேக்கின் கால் எப்படி இருக்கிறது, இடுப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று ஒவ்வொரு முறையும் குறிக்க வேண்டும். ஓடிக்கொண்டிருந்தவரை அவன் பார்க்காததையெல்லாம் அங்கே பார்த்தான். அவன் இடத்தில் ஆடிய இரண்டாம் ஆண்டுப் பையன் ஒவ்வொரு வாரமும் அந்தக் குறிப்புகளைக் கேட்டு வாங்கிப் போனான். இடம் போய்விட்டதே என்று புழுங்க விடாமல், இவனை வேண்டப்பட்டவனாக வைத்திருந்தது அந்தப் பையனின் கேள்விகள்தான். குவார்ட்டர்பேக், பயிற்சி முடிந்தபிறகு நாற்காலியில் உட்கார்ந்திருந்த இவனுக்குப் பந்து எறிந்துகொண்டே இருந்தான். கால் போனாலும் கை போகக் கூடாது என்பது அவர்கள் ஒப்பந்தம். ஆய்வகத் தேர்வைத் தள்ளிவைத்த பேராசிரியருக்கும் நன்றி.

வசந்தகாலப் பயிற்சி தொடங்கியபோதுதான் சண்டையே வந்தது. ஆறு மாதம் ஆகிவிட்டது, ஓடுகிறேன், வலியில்லை, ஏன் தடுக்கிறீர்கள் என்றான். டிரெய்னர் ஒரு படிவத்தைக் கொடுத்தார். மறுபடி ஆட மனம் தயாரா என்று பார்க்கும் 12 கேள்விகள். எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் போட்டுக் கொடுத்தான். அவர் சிரித்துவிட்டு, ஒற்றைக் காலில் குதித்துக் காட்டச் சொன்னார். நல்ல காலோடு ஒப்பிட்டால் 90 சதவீதமாவது வர வேண்டும், வரவில்லை. பிறகு அவனை உட்கார வைத்து ஜெர்ரி ரைஸ் கதையைச் சொன்னார். மிசிசிப்பியில் ஒரு சிறிய கல்லூரியில் ஆடி வந்து, ரிசீவர்களிலேயே பெரியவர் எனப் பெயர் எடுத்தவர். 1997 ஆகஸ்ட் கடைசியில் அவருக்கு இதே லிகமெண்ட் கிழிந்தது. மூன்றரை மாதத்தில், டிசம்பரில் திரும்பி வந்து, எல்லைக்கோட்டுக்கு அப்பால் பந்தைப் பிடித்து டச்டவுன் என்னும் புள்ளியும் எடுத்தார். அந்தப் பிடியிலேயே முழங்கால் சில்லு உடைந்து அந்த சீசன் முடிந்தது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வையும் காட்டினார்: ஒன்பதாவது மாதம்வரை, திரும்புவதை ஒரு மாதம் தள்ளிப்போடும் ஒவ்வொரு முறையும் மறுபடி காயப்படும் விகிதம் ஏறக்குறைய பாதியாகிறது. ஆய்வு அவனை அசைத்ததா என்று தெரியவில்லை. ரைஸ் அசைத்தார்.

என் மனைவிக்கு இந்த விளையாட்டு முதலிலிருந்தே பிடிக்காது. எல்லோரும் ‘இன்னும் இல்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, ‘இனி வேண்டாம்’ என்று ஒரு வார்த்தை அவள் சொல்லியிருந்தால் அவன் நிறுத்தியிருப்பான். ராத்திரி மூன்று மணிக்கு ஐஸ் மாற்றிக் கட்டியவளுக்கு அதைச் சொல்ல எல்லா உரிமையும் இருந்தது. சொல்லவில்லை.

சனிக்கிழமை வந்த முதல் பந்தைக் கைநழுவ விட்டான். இரண்டாவதற்கு வலது காலை ஊன்றி உள்பக்கம் வெட்டினான், பந்து விரலில் அமர்ந்தது, ஏழு கெஜம். செய்தியில் வரும் அளவுக்கு ஒன்றுமில்லை. நான் கத்திய கத்தலில் முன்வரிசைக்காரர் காபியைக் கொட்டிக்கொண்டார். அவருக்கு என் மன்னிப்பும் சேரட்டும்.

போன சீசனின் தொடக்கத்திலேயே அடிபட்டதால், அந்த ஆண்டைக் கழித்துவிட்டு இன்னோர் ஆண்டு ஆட விண்ணப்பிக்க, கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதியில் இடம் இருக்கிறது. கல்லூரி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அக்டோபரில் உள்ளூர் ஆட்டங்கள் இருக்கின்றன, வர விரும்புகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். பெஞ்ச் இரும்பு, கம்பளி எடுத்து வந்துவிடுங்கள்.

அன்புடன்,
ஒரு ரிசீவரின் அப்பா