கியோஸுக்கும் போய் வாருங்கள்

அன்பு மகள் கயலுக்கு,

அடுத்த கோடையில் நீயும் மாப்பிள்ளையும் கிரீஸில் இருக்கும் சாந்தோரினித் தீவுக்குப் போகப் போவதாகச் சொன்னாய். சந்தோஷம், போய் வாருங்கள். ஆனால் கட்டடக்கலை படித்த நீ அவ்வளவு தூரம் போய்விட்டு, அதே நாட்டில் இருக்கும் கியோஸ் தீவைப் பார்க்காமல் திரும்பினால் எனக்கு மனசு கேட்காது.

பாட்டிக்கு நாட்டு மருந்துக் கடையில் ரூமி மஸ்தகி வாங்குவோமே, அந்தப் பிசின் வடிகிற ஊர் அதுதான். அப்பாவும் நானும் போனபோது ஆகஸ்ட் கடைசி. மரத்தடியைப் பெருக்கி வெள்ளை மண் தூவியிருந்தார்கள். பட்டையில் போட்ட கீறலில் பிசின் சொட்டுச் சொட்டாக நின்றது. மண்ணில் விழுந்து இறுகியதைப் பொறுக்கி, குளிர்காலம் முழுக்க வீட்டில் உட்கார்ந்து பெண்கள் சுத்தம் செய்வார்களாம். இந்த வேலையை 2014-இல் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2012 தீயில் ஏராளமான மரங்கள் கருகின. இருந்தும் புதுக்கன்று நட்டு வளர்க்கிறார்கள்.

தீவின் தெற்கே, பிசின் எடுக்கும் ஊர்களில் ஒன்றான பிர்கியில் வீட்டுச் சுவரெல்லாம் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள், முக்கோணங்கள், வட்டங்கள். ஒரு வீட்டில் கொத்தனார் வேலை செய்வதை நின்று பார்த்தோம். கருமணல் சாந்து பூசி, அதன்மேல் சுண்ணாம்பு அடித்து, காய்வதற்குள் முள்கரண்டியால் சுரண்டுகிறார். சுரண்டிய இடத்தில் அடியில் இருக்கும் கறுப்பு தெரிகிறது. கை நடுங்காமல் அவர் கோடு இழுத்ததை நீ பார்த்திருக்க வேண்டும். பக்கத்து பால்கனியில் தக்காளியைச் சரம் சரமாகக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

அதே பக்கம் இருக்கும் மெஸ்தாதான் உனக்கான ஊர். வெளி வரிசை வீடுகளின் முதுகுச் சுவரே கோட்டை மதில். அந்தக் காலத்தில் வெளிப்பக்கம் ஜன்னலே கிடையாது. மொட்டை மாடிகள் ஒரே மட்டம். கடற்கொள்ளையர் உள்ளே வந்துவிட்டால் மாடிக்கு மாடி தாண்டி ஊர் நடுவில் இருந்த கோபுரத்துக்கு ஓடிவிடலாம். 1346 முதல் 1566 வரை தீவை ஆண்ட, இத்தாலியின் ஜெனோவா நகரத்துக்காரர்கள் இப்படி ஊர்களைக் கட்டியது ஜனங்களைவிடப் பிசினைக் காப்பதற்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் 1822-இல் உதுமானியத் துருக்கியப் படை தீவையே சூறையாடியபோது, சுல்தானுக்கு வேண்டிய அந்தப் பிசினால்தான் இந்தத் தெற்கு ஊர்கள் பெரும்பாலும் தப்பின. மலை உச்சியில் இருக்கும் அனாவதோஸுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. கல் வீடுகள் கூரையில்லாமல் நிற்கின்றன. அதையும் பார்த்துவிட்டு வா. அங்கே நின்றபோதுதான் அந்தப் பிசினின் அருமை எனக்கு முழுசாகப் புரிந்தது.

ஏதென்ஸிலிருந்து விமானம் உண்டு, பக்கத்துத் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலும் உண்டு. பஸ்ஸை நம்ப வேண்டாம், கார் எடுத்துக்கொள்ளுங்கள். மெஸ்தாவில் பழைய வீடுகளிலேயே அறை கிடைக்கும். ஒரு ராத்திரியாவது தங்குங்கள். பகலில் வருகிறவர்கள் போட்டோ எடுத்துவிட்டுப் போனபின், ஊர்க்காரர்கள் வாசலில் நாற்காலி போட்டுப் பேச உட்காருவார்கள். அப்போது சந்துகளில் நடந்து பார். வளைவுகளை அளவெடுத்து வரைந்து எனக்கும் ஒரு படம் அனுப்பு.

அப்புறம், பாட்டிக்கு மஸ்தகி அங்கேயே வாங்கிவிடு.

அன்புடன்,
அம்மா