பாஸ்டரின் கனவும் அம்மாவின் பஸ் துண்டும்

அன்புள்ள மகளுக்கு, ஸ்தோத்திரம்.

நீ அனுப்பிய மூன்று பக்கமும் கிடைத்தது. சபையின் 25-ஆம் ஆண்டு மலருக்கு பாஸ்டர் எழுதிய வரலாற்றை இங்கிலிஷில் மாற்ற உன்னிடம் கொடுத்திருக்கிறார்கள் என்று கேட்கச் சந்தோஷம். “அப்பா, இதில் இருப்பது எல்லாம் சரிதானா?” என்று கேட்டிருந்தாய். ரெலிபோனிலேயே சொல்லலாம் என்று இரண்டு தரம் எடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தபடியால் கல்கரியில் குளிர் எப்படி என்று விசாரித்துவிட்டு வைத்துவிட்டேன். அதுதான் எழுதுகிறேன்.

இரண்டாம் பக்கத்தில், ‘21 நாள் உபவாசத்தின் முடிவில் கர்த்தர் சொப்பனத்தில் ஒரு நீலக் கதவைக் காட்டினார்’ என்று வருகிறதல்லவா? பிசகு அங்கேதான்.

சபை தொடங்கியது செயின்ட் ஜேம்ஸ் டவுன் மாடிக் கட்டடத்தில், ஒரு சகோதரர் வீட்டு ஹோலில். இலங்கையில் 83 கலவரத்துக்குப் பிறகு ரொறன்ரோ வந்த எங்கள் ஆட்கள் பலரும் முதலில் ஒதுங்கியது அந்தப் பக்கம்தான். பதினாலு பேர் கைதட்டிப் பாடினால் கீழ்வீட்டுக்காரர் தும்புத்தடியால் முகட்டைத் தட்டுவார். சில நாளில் அந்தத் தட்டும் தாளத்துக்குச் சரியாக விழும். பிறகு எல்லோரும் ஸ்காபரோ பக்கம் பெயர்ந்ததும் ஒரு பள்ளிக்கூட ஜிம். கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே பிரசங்கம். கீபோர்ட், டிரம், மைக் எல்லாம் எங்கள் பழைய காரின் டிக்கியில். நீ அவற்றுக்கு நடுவில் உட்கார்ந்து வருவாய். பள்ளிக்கூட லீவு வந்தால் சபைக்கும் லீவு.

அப்புறம் ஒரு வெள்ளைக்காரச் சபை, தங்கள் ஆராதனை முடிந்த பிறகு மத்தியானம் இரண்டு மணிக்கு இடம் தந்தது. எது என்று மலரில் போடவேண்டாம். அவர்களும் நல்ல மனிசர்தான். ஆனால் 1998 கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னதாக ஒரு கடிதம் வந்தது. டிரம் சத்தம், கீழே குசினியில் கறி மணம், ஆகவே மார்ச் முடிவுக்குள் வேறு இடம் பார்த்துக்கொள்ளவும். உன் பிறந்தநாளுக்கு வாட்டிய ரோல்ஸ்தான் கடைசியாக அங்கே மணந்தது என்று நினைக்கிறேன்.

அடுத்த மாதம் கொட்டிய பனி உனக்கு ஞாபகம் இருக்கும், பள்ளிக்கூடம் பூட்டு என்று துள்ளினாயே. மேயர் இராணுவத்தைக் கூப்பிட்ட 1999 ஜனவரி. ரிவியில் பச்சை வாகனங்களைக் கண்ட அப்பம்மா, “இங்கேயும் ஆமி வந்திட்டானோ?” என்று யன்னல் சீலையை இழுத்து மூடினார். பனி வழிக்க வந்தவர்கள் என்று நான் விளங்கப்படுத்தியும் அன்று இரவு அவர் லைற் போட விடவில்லை.

அம்மாவுக்கு அப்போது பாண் பைக்கற் பண்ணுகிற ஃபாக்டரியில் இரவு வேலை. ஒரு காலை வேலை முடிந்து வந்தால் பஸ் இல்லை. முக்கால் மணி நேரம் நின்றுவிட்டு அடுத்த பெரிய வீதிக்கு நடக்கத் தொடங்கியிருக்கிறார். வழி நெடுக வரிசையாகத் தகரக் கதவு போட்ட யூனிட்டுகள். கார் திருத்துகிற கடைக்குப் பக்கத்தில் ஒரு நீலக் கதவு, அதன் மேல் ‘லீஸ்’ என்று ஒரு போர்டு. ரெலிபோன் இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணையும் பனி மூடியிருந்தது. வேலை அட்டையால் அதைச் சுரண்டியிருக்கிறார். பேனை குளிரில் எழுதவில்லை. வாய்க்குக் கிட்டப் பிடித்து ஊதி ஊதி, பஸ் ட்ரான்ஸ்ஃபர் துண்டின் பின்பக்கத்தில் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் அந்தத் துண்டை என் கையில் வைத்தார். “இதை பாஸ்டரிட்ட குடுங்கோ. ஞாயிற்றுக்கிழமை அங்கால ஒரு கடையும் திறக்காதப்பா, பார்க்கிங் முழுக்கக் காலி” என்றார். டிரம் அடித்தால் தும்புத்தடி தூக்க ஆளும் இல்லை என்பதை நான் பிறகுதான் யோசித்தேன்.

வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தில் துண்டை பாஸ்டரிடம் கொடுத்து, நீலக் கதவு, கார் கடைக்குப் பக்கம் என்று நானே சொன்னேன். அவர் அதை வேதாகமத்துக்குள் வைத்தார். சொப்பனம் வந்தது சனி இரவு.

பாஸ்டர் பொய் சொன்னார் என்று எடுத்துக்கொள்ளாதே. மூன்று கிழமையாகப் பழச்சாறில் இருக்கும் மனிசனிடம் நீலக் கதவு என்று ஒருதரம் சொன்னால் அது கனவில் வராமல் என்ன செய்யும்? அந்த ஞாயிறு சாட்சி சொன்னபோது, ‘ஒரு சகோதரி இலக்கம் கொண்டுவந்தா’ என்றும் சொன்னார், நான் கேட்டேன். ஐந்தாம் ஆண்டு விழாவில் அது ‘ஒரு விசுவாசி’ ஆனது. பத்தாம் ஆண்டில் சொப்பனம் மட்டும் மிஞ்சியது. ஒவ்வொரு முறையும் நான் அம்மாவின் முகத்தைப் பார்ப்பேன். அவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

உள்ளே போய்ப் பார்த்தபோது சிலருக்குப் பிடிக்கவில்லை. காப்பெற் கடையின் கோடவுனாக இருந்த இடம். பசை மணம், ஒரு யன்னல் இல்லை, ஒரே ஒரு ரொய்லெற். “சேர்ச் என்றால் ஒரு கோபுரமாவது வேண்டாமா?” என்று ஒரு அண்ணன் கேட்டார். பாஸ்டர் அடுத்த கிழமை அசூசா தெருவை எடுத்துப் பேசினார். 1906-ல் லொஸ் ஏஞ்சலிஸில் அந்தத் தெருவில் சீமோர் போதகர் கூட்டம் தொடங்கிய கட்டடமும் பழைய சேர்ச் ஒன்றாக இருந்து பிறகு லாயமாகிப் போனதுதான். அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். நிலத்தில் மரத்தூள், ஆணி பீப்பாய்களின் மேல் பலகை போட்டு இருக்கை. உலகமெல்லாம் பெந்தெகொஸ்தே பரவியது அங்கிருந்து என்றால் எங்களுக்கு இந்தக் கோடவுன் போதாதா என்றார். அந்தப் பிரசங்கம் அவருடையது, அதில் யாருக்கும் பங்கில்லை. நன்றாக மொழிபெயர்.

பழைய கடைக்காரர் விட்டுப்போன காப்பெற் துண்டுகளை ஒட்டித் தரை மூடினோம். ஏழு நிறம். அப்பம்மா சிலோன் பெந்தெகொஸ்தே மிஷன் ஆள். வெள்ளைச் சீலை, நகை இல்லை, மருந்து இல்லை, ஆராதனை என்றால் பாயில்தான். கதிரையில் உட்காரமாட்டேன் என்று பிடிவாதம். கடைசியில் முன்வரிசையில் ஒரு சிவப்புத் துண்டின் மேல் பாய் விரித்துக் கொடுத்தோம். ஊரிலிருந்து சுருட்டிக் கொண்டுவந்த அதே பாய்.

ஸ்காபரோ தனி நகரமாக இருந்து ரொறன்ரோவோடு சேர்ந்து அப்போது ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. அனுமதிக்கு எந்தக் கந்தோருக்குப் போவதென்றே எங்களுக்குத் தெரியாது, நாலு இடம் அலைந்தேன். அதை விடு. முற்பணம் 6,000 டொலர் கட்டவேண்டும், காணிக்கையில் பாதிகூட இல்லை. அம்மா தன் சீட்டைக் கழித்தார். அந்த மாதம் எடுத்தபடியால் நல்ல கழிவு போனது. அது உனக்கு கொம்பியூட்டர் வாங்க வைத்திருந்த காசு. அந்த வருஷம் அப்பா கஞ்சத்தனம் பண்ணினார் என்று நீ இன்றைக்கும் மருமகனிடம் சொல்லிச் சிரிக்கிறாய், நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

முதல் ஆராதனை ஏப்ரல் 4, உயிர்த்த ஞாயிறு. அன்றுதான் மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளுகிற நாள். எங்களில் அரைவாசிப் பேர் மறந்துபோனார்கள். பாஸ்டர் பிரசங்கம் முடிக்கிற நேரம் நீலக் கதவு திறந்து திறந்து ஆட்கள் வந்தபடி. சரி என்று முதலிலிருந்து மறுபடி பாடினோம். இதை மலரில் ஏன் எழுதவில்லை தெரியவில்லை, நல்ல விஷயம்.

இந்தக் கிழமை பாஸ்டரைக் கண்டு நானே கதைக்கிறேன். சொப்பனத்தை எடுக்கவேண்டாம், அது இருக்கட்டும். அதற்கு முன்னால் இரண்டு வரி போதும். அம்மாவின் பெயரைப் போடாதே, என்னைத்தான் ஏசுவார். ‘பாண் ஃபாக்டரியில் வேலை செய்த ஒரு சகோதரி’ என்று போடு. பஸ் வராததையும் போடு.

மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் பார்சலில் போட்டிருக்கிறேன், திங்கள் வரும்.

அன்புடன்,
அப்பா