தண்ணீரில் தங்காத நீலம்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் போன வாரம் வந்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். சின்னவன் நீச்சலுக்குப் போகிறான், சாயங்காலம் ஆனால் வீடெல்லாம் ஈரத் துண்டுதான்.

உன் பதினொன்றாம் வகுப்பு மாணவி கேட்ட கேள்வி நான்கு நாளாக மனதை விட்டுப் போகவில்லை. சோடியத்தைத் திரவ அம்மோனியாவில் போட்டால் நீலம் வருகிறதே, தண்ணீரில் போட்டால் ஏன் வரவில்லை? நாம் படித்தபோது இதைக் கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

தண்ணீரிலும் நீலம் வரும் என்று அவளிடம் சொல். கண்ணில் படும்வரை நிற்காது, அவ்வளவுதான். அணுவை விட்டு வந்த எலக்ட்ரானைச் சுற்றி மூலக்கூறுகள் திரும்பி நின்று ஒரு குழி அமைத்துக் கொடுக்கின்றன. அம்மோனியாவில் அது நாள்கணக்கில் கிடக்கும். தண்ணீரில் அப்படிப்பட்ட இரண்டு சந்தித்தாலே ஹைட்ரஜன் வாயு வந்துவிடும். 2016-இல் செக் வேதியியலாளர் பாவெல் யுங்விர்த் குழுவினர் சோடியம்–பொட்டாசியம் கலவைத் துளி ஒன்றை நீர்ப்பரப்பில் மெதுவாக வைத்து, அதிவேகக் கேமராவில் அந்த நீலத்தைப் படம் பிடித்துவிட்டார்கள். அதற்கும் வெகு முன்பே, 1962-இல், ஹார்ட், போக் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நீரில் கதிர்வீச்சுத் துடிப்பைப் பாய்ச்சி இந்த எலக்ட்ரானின் நிறமாலையைப் பதிவு செய்தார்கள். உச்சம் 720 நானோமீட்டருக்குப் பக்கத்தில். சிவப்பை விழுங்கிவிடுவதால் மிஞ்சுவது நீலம்.

நான் செய்வது இதன் தொடக்கக் கணங்களைப் பார்ப்பது. தண்ணீரைக் குடுவையில் வைக்காமல் மெல்லிய தாரையாக ஓடவிட்டு, 266 நானோமீட்டர் லேசர் துடிப்பை அடிக்கிறோம். இரண்டு ஒளித்துகள் சேர்ந்தால் 9.3 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல். ஒரு நீர் மூலக்கூறிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க அது போதும். பிறகு இரண்டாவது துடிப்பைக் கொஞ்சம் தாமதமாக அனுப்பி, எத்தனை எலக்ட்ரான் மிச்சம் என்று அளக்கிறோம். அந்தத் துடிப்பு பட்டுத் திரும்பும் கண்ணாடியை 1.5 மில்லிமீட்டர் பின்னால் நகர்த்தினால் ஒளி போய்த் திரும்ப 10 பிகோ நொடி (ஒரு பிகோ நொடி என்பது நொடியில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) கூடும். நேரத்தை மில்லிமீட்டரில் அளப்பது எனக்கு இன்னும் பழகவில்லை, ஒவ்வொரு முறையும் சிலிர்க்கிறது.

எலக்ட்ரானை இழந்த நீர் மூலக்கூறு சும்மா இருப்பதில்லை. ஏறக்குறைய 46 ஃபெம்டோ நொடிக்குள் (ஆயிரம் ஃபெம்டோ நொடி ஒரு பிகோ நொடி) ஒரு புரோட்டானைப் பக்கத்து மூலக்கூறிடம் தள்ளிவிடுகிறது. புரோட்டானைத் தந்தது ஹைட்ராக்சிலாகவும் (OH), வாங்கியது ஹைட்ரோனியமாகவும் (H₃O⁺) நிற்கும். எலக்ட்ரான் ஓரிரு நானோமீட்டர் ஓடி, ஒரு பிகோ நொடிக்குள் குழியில் அடங்கிவிடும். அப்புறம்தான் திரும்பி வருவதா, தப்பிப்பதா என்ற கதை. நேர்மின் ஹைட்ரோனியத்தைத்தான் தேடிப் போகும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். இல்லை, மின்னூட்டமே இல்லாத ஹைட்ராக்சிலோடுதான் பெரும்பாலும் சேர்கிறது. ஹைட்ரோனியம் எதிரே வந்தாலும் எல்லாச் சந்திப்பும் வினையில் முடிவதில்லை. அதை நம்ப எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

போன மாதம் தண்ணீரை விட்டு ஹெக்சேன் என்ற ஹைட்ரோகார்பன் திரவத்துக்கு மாறினோம். தண்ணீரின் மின்கடவாமை எண் (மின்னூட்டங்களின் ஈர்ப்பைத் திரவம் எத்தனை மடங்கு தளர்த்துகிறது என்ற அளவு) 78 இருப்பதால், நேர், எதிர் மின்னூட்டங்கள் ஒன்றையொன்று இழுக்கும் பிடி 0.7 நானோமீட்டரிலேயே வெப்ப அசைவுக்குத் தோற்றுவிடும். ஹெக்சேனில் அது 30 நானோமீட்டர் வரை எட்டும். வேதியியலாளர் லார்ஸ் ஆன்சாகர் 1938-இலேயே இந்தக் கணக்கைப் போட்டுவிட்டார். ஹெக்சேனில் எலக்ட்ரான் இன்னும் தூரம் ஓடினாலும் பிடிக்குள்ளேயே இருக்கிறது. ஏறக்குறைய எல்லாமே தாங்கள் விட்டு வந்த தாய் அயனியிடம் திரும்பிவிடுகின்றன. தண்ணீரிலோ நல்ல பங்கு தப்பிவிடுகிறது. எலக்ட்ரான் ஒன்றேதான் மல்லிகா, திரவம்தான் அதன் விதியை எழுதுகிறது. வகுப்பில் அம்மோனியாவைப் பற்றிச் சொல்லும்போது இதையும் இரண்டு வரி சேர்த்துச் சொல்.

சரி, பொங்கலுக்கு ஊருக்கு வருகிறேன். அந்தப் பெண்ணின் பெயரை எழுதியனுப்பு, அவளுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அன்புடன்,
சுதா